சட்டைக் கை பட்ட பந்து

கடலோர ரயில் போகும்போதெல்லாம் வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு ஜன்னல்கள் நடுங்கும். அம்மா அதற்குப் பழகிவிட்டாள். யுத்தத்துக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தம்பி எதற்கும் பழகவில்லை. பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, சட்டைப் பையில் அடையாள அட்டை, கனடா மாமாவின் ஸ்பொன்சருக்காக முடிவில்லாத காத்திருப்பு. அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

காலி வீதியில் புதிதாகத் திறந்திருந்த பில்லியர்ட்ஸ் கடைதான் அவனைக் கொஞ்சம் தாங்கியது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் வீடியோ கசெட்டுகளைப் பார்த்து அவர்களைப் போலவே கோல் பிடித்தான். மேசையின் எந்த மூலையிலிருந்தும் அடிப்பான். அடித்தால் விழும்.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிளார்க். அவரும் கூட்டாளிகளும் ஒரு பழைய மாடியில், அதே மாதிரி மேசையில், வேறொரு ஆட்டம் ஆடினார்கள். கப்பல்காரர்களிடமிருந்து தொற்றியது. ஆளுக்கு ஒரே ஒரு குழி. பதினைந்து பந்துகளில் எட்டை முதலில் தன் குழியில் விழுத்துபவர் வென்றவர். அதில் அடிப்பதைவிட ஒளிப்பதுதான் பெரிய வேலை. எதிராளியால் எதையும் விழுத்த முடியாத இடத்தில், கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தை நிறுத்திவிட்டு அத்தான் ஆறுதலாகச் சிகரெட் பற்றவைப்பார். பஸ்ஸில் தமிழ் கதைக்காமல், சத்தம் போட்டுச் சிரிக்காமல், அந்த நகரத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எங்களை நிறுத்தி வைத்திருந்தோம்.

கையோ உடுப்போ பந்தில் பட்டாலும் பிழைதான். பிழை விட்டால் தன் குழியிலிருந்து ஒரு பந்தை எடுத்து மேசையில் திருப்பி வைத்து, முறையையும் எதிராளிக்கு விடவேண்டும். அந்த மாடியில் பிழையை எதிராளி சொல்வதில்லை. விட்டவனே சொல்லவேண்டும். சொல்லாதவனோடு பிறகு ஒருவரும் ஆடமாட்டார்கள்.

“அத்தான், இது பந்து அடிக்கிற விளையாட்டோ, பந்துக்குப் பாய் விரிச்சு நித்திரையாக்கிற விளையாட்டோ?” என்பான் தம்பி.

“நீ அடிச்சுப்போட்டு ஆக்களின்ர முகத்தைப் பாக்கிறாய், மச்சான். வெள்ளைப் பந்து எங்க நிக்குது எண்டு பார்.”

ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்ற் வந்தான். இந்தக் கிழமையே ஆளை வெளியே எடுக்கலாம் என்றான். அம்மா அழுதாள். பொறு, ஸ்பொன்சர் வரும் என்றார் அத்தான். கடைசியில் தம்பிதான் அந்த ஒப்பந்தத்தைச் சொன்னான்.

“உங்கட மேசை, உங்கட விளையாட்டு. நீங்கள் வெண்டா ஸ்பொன்சர் வருமட்டும் வாய் திறக்காமல் இருக்கிறன். நான் வெண்டா போறன்.”

அத்தான் உடனே ஒப்புக்கொண்டார். வீடியோ பார்த்து வளர்ந்த எவனும் அந்த மேசையில் அவரை வென்றதில்லை. தம்பியைக் கட்டிப்போட அவருக்குக் கிடைத்த ஒரே கயிறு அது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பின் ஆடினார்கள். நானும் போயிருந்தேன். அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒளிப்பவனின் கலை, எதிராளியால் எட்ட முடியாத இடம் ஒன்று இருக்கும்வரைதான். இந்தப் புதியவர்களுக்கு அப்படியான இடங்கள் குறைவு. அத்தான் பூட்டிய கதவுகளைத் தம்பி மேசைச் சுவரில் பந்தை மோதவைத்துத் திறந்தான். ஆனாலும் பொறுமை பெரியது. அவசரத்தில் தம்பி விட்ட ஒவ்வொரு இடைவெளியிலும் அத்தான் ஒவ்வொரு பந்தாக இறக்கினார். அத்தானுக்கு ஏழு, தம்பிக்கு ஆறு. அத்தானின் எட்டாவது பந்து அவருடைய குழியின் வாயில் நின்றது.

அவர் மேசைமேல் சாய்ந்தார். கோலை இழுத்தார். அப்படியே நிறுத்தி நிமிர்ந்தார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

“சட்டைக் கை பட்டிட்டுது,” என்றார். பக்கத்துப் பந்தில், பட்டும் படாமலும். ஒருவரும் காணவில்லை. குழிக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுத்து மேசையில் வைத்தார்.

தம்பி சிரிக்கவில்லை. சட்டைக் கை பட்ட அந்தப் பந்தை இரண்டு சுவர்களில் மோதவைத்துத் தன் குழிக்குள் அனுப்பினான். வெள்ளைப் பந்து உருண்டு வந்து, அத்தான் திருப்பி வைத்த பந்துக்கு நேரே நின்றது. அதை மெல்லத் தட்டினான். எட்டு.

வீதியில் இறங்கியதும் அத்தான் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். விடவேயில்லை.

அந்தக் கிழமையே தம்பி போய்விட்டான். எங்கிருந்தோ ஒருமுறை ஃபோன் எடுத்தான். சரியான குளிர் என்றான்; வள்ளத்தில் ஏறப்போகிறோம் என்றான். பிறகு ஒன்றுமில்லை. ஏஜென்றும் இல்லை, வள்ளமும் இல்லை, உடலும் இல்லை.

அம்மாவுக்கு ஆட்டத்தின் கதையை அக்காதான் சொல்லியிருக்கவேண்டும். ஒரு பின்னேரம் அத்தான் வந்து கதிரையில் இருந்ததும் அம்மா கேட்டாள்.

“மருமகன், ஒருத்தரும் காணேல்லையாமே. பிறகேன் சொன்னனீங்கள்?”

அத்தான் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியேல்ல, மாமி. கை தானாப் போய் எடுத்து வைச்சிட்டுது.”

என்னால் தாங்க முடியவில்லை. “விடுங்கோ அம்மா. அவன் விளையாடின விளையாட்டுக்கு எப்பிடியும் வெண்டிருப்பான்,” என்றேன்.

அத்தான் தலையாட்டி மறுத்தார்.

“இல்லை. என்ர பந்து குழி வாயிலதான் நிண்டது. பச்சைப்பிள்ளையும் விழுத்தும். நான் சொல்லாட்டி அவன் இஞ்ச இருந்திருப்பான்.”

ரயில் ஒன்று போனது. ஜன்னல்கள் நடுங்கி ஓய்ந்ததும் அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

“இதையெண்டாலும் எனக்குப் பொய்யாச் சொல்லியிருக்கலாமே, மருமகன்,” என்றாள்.