பேச்சியம்மாள் வீட்டு வைஃபை

"கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் தம் கையால் ஒருமுறை இயக்கிக் காட்டும்வரை, பணி முடிந்ததாக நிறுவியவர் கையொப்பம் இடக் கூடாது." விருதுநகரில் நான் கண்காணிப்பாளராக இருந்த அலுவலகத்துக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது போட்ட சுற்றறிக்கையின் நான்காவது விதி இது. எழுதியவன் நான்தான். 'தம் கையால்' என்பதற்கு அடிக்கோடு போட்டவனும் நான்தான்.

போன வாரம் எங்கள் வீட்டில் புது இணையப் பெட்டி மாட்ட ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மாட்டி முடித்து, என் லேப்டாப்பில் இணைப்பு வந்ததும் அதை மறுபடி துண்டித்துவிட்டார். "இப்ப நீங்களே போடுங்க சார். நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கேன்" என்றார். எனக்கு இதெல்லாம் தெரியும் என்றேன். "தெரிஞ்சவுகதான் மறுநா போன் பண்ணுதாக" என்றார். சிரித்துவிட்டுப் போகவேண்டிய பேச்சு. எனக்கு முகம் சுட்டது. போதாக்குறைக்கு அவர் பையைத் திறந்தபோது அந்துருண்டை வாசனை வேறு.

அந்துருண்டை என்றால் மற்றவர்களுக்குப் பட்டுச்சேலை ஞாபகம் வரும். எனக்கு ஒரு பழைய லேப்டாப் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் அதைப் பழைய நூல் சேலையில் சுற்றி, நடுவில் இரண்டு உருண்டை போட்டு, மகள் கனகா விட்டுப்போன நாளிலிருந்து பீரோவில் வைத்திருந்தாள்.

பேச்சியம்மாள் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். சாயங்காலம் கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் இறக்கிவிடும்போது முழங்கை வரை அலுமினியப் பவுடர் மினுங்கும். "வெள்ளிக் காப்பு சாத்தி அம்மன் வாறா பாரு" என்று என் மனைவியிடம் சொல்வேன். ஓய்வுபெற்ற முதல் வருஷம். பேச ஆள் இல்லாதவனுக்கு எல்லாரும் வேடிக்கைதான்.

கனகா தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு பெங்களூரில் இருந்தாள். பேச்சியம்மாளுக்குப் புருஷன் இல்லை. கொழுந்தனார் வைத்ததுதான் சட்டம். ஒரே ஒரு தடவை கனகா போன் செய்தபோது கொழுந்தனார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்க, இவள் அதை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். அதோடு பேச்சு நின்றது. பிறகு கனகாவுக்குக் குழந்தை பிறந்தது. உறவுக்காரப் பெண் ஒருத்தி மூலம் தகவல் வந்தது: ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா வீடியோவில் வரட்டும், முகத்தையும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் பேசுவேன், வராவிட்டால் இனிக் கூப்பிட மாட்டேன்.

பட்டாசுக் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் பேச்சியம்மாளிடம் இருந்தது பழைய பட்டன் போன் ஒன்றுதான். கேபிள்காரரிடம் சொல்லி இணையப் பெட்டி வாங்கி மாட்டினாள். லேப்டாப்பில் அதை இணைத்துத் தர என்னைக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். லேப்டாப்பைத் தொடுமுன் அவள் முற்றத்துக் குழாயை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தாள். எதற்கு என்றேன்.

"ஒடம்புல இருக்க கரண்டு எறங்கணும்லா சார். கம்பெனில வாசல்ல தகடு இருக்கும். அதத் தொடாம உள்ள போனா போர்மேன் வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"இது என்ன அணுகுண்டா?" என்றேன்.

"ஒங்களுக்கென்ன சார், நீங்க பேப்பரோட இருந்தவுக" என்றாள்.

புதுப் பெட்டியின் அலைவரிசை அந்தப் பழைய லேப்டாப்புக்குப் பிடிபடவில்லை. பெட்டியின் அமைப்புக்குள் போய் ஒன்றை மாற்றினால் சரியாகிவிடும். இருபது நிமிஷ வேலை. எனக்கு அந்த இருபது நிமிஷம் பாரமாக இருந்தது. மறுநாள் சாத்தூரில் ஒரு கல்யாணம். சலவைக்குப் போட்ட வேட்டியை வாங்கவேண்டும். என் செல்போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். லேப்டாப் உடனே பற்றிக்கொண்டது. திரையில் படம் வந்ததும் பேச்சியம்மாள் கும்பிட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. அதுதான் வேலை செய்கிறது என்று அவள் நினைத்தாள். நானும் திருத்தவில்லை. காலையில் வந்து மாற்றிவிடலாம் என்று ஒரு எண்ணம்.

"பதினோரு மணிக்குத் திரையில இருக்க இந்தப் பச்சைப் பட்டனை ஒருதடவை அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

"சரி சார்."

அவளை ஒருதரம் அமுக்கிப் பார்க்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் போன் பக்கத்தில் இருந்ததால் வேலை செய்திருக்கும் என்று பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அது வக்கீல் வாதம். பெட்டியில் வேலை முடியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

காலையில் மறந்துபோனேன். பதினோரு மணிக்கு நான் சாத்தூரில் இரண்டாம் பந்தியில் இருந்தேன். போன் அடித்தது. பேச்சியம்மாள். பட்டன் எது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று போனை இலைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். நான்கு தடவை அடித்தது. பாயசம் நன்றாக இருந்தது. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று மணிக்குத் திரும்பினேன். அவள் லேப்டாப்புக்கு முன்னால் நல்ல சேலையில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் இணைப்பு இல்லை என்ற எழுத்து. வேறு யாராக இருந்தாலும் நாலு இடத்தில் தட்டிப் பார்த்திருப்பார்கள், அணைத்துப் போட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டில் யாரையாவது கூட்டி வந்திருப்பார்கள். இருபது வருஷம் வெடிமருந்து அறையில் இருந்தவளுக்குத் 'தொடாதே' என்றால் தொடாதேதான்.

"ஒண்ணையும் தொடல சார். பச்சைய மட்டும் ஒருவாட்டி அமுக்குனேன்."

பார்த்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. குற்றவாளி என் சட்டைப்பையில் இருந்தது. நான் சொன்னது இது:

"இல்லம்மா. கை பட்டு வேற ஏதோ அமுங்கியிருக்கு."

என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நாந்தான் தொட்டிருப்பேன் சார்" என்றாள்.

பெட்டியைச் சரிசெய்ய உண்மையில் பதினைந்து நிமிஷம்தான் ஆனது. கூப்பிட்டுப் பார்த்தோம். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்கே அவள் பெயரில் கனகாவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் குறித்த நேரத்தில் தொடர்புகொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன்.' முப்பது வருஷம் இப்படி எழுதிச் சம்பளம் வாங்கியவன். தாய் பேசுவதைப் பார்த்தால்தான் நம்புவேன், பக்கத்தில் ஆள் நின்று சொல்லிக்கொடுப்பது போதும் என்று சொன்ன பெண்ணுக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. கொழுந்தனாரின் இடத்தில் இப்போது நான் நின்றிருந்தேன்.

தீபாவளிச் சீசன். வேன் இருட்டியபிறகுதான் வரும். அப்படியும் தினமும் வாசலில் நின்று, "சார், இருக்கீகளா? பதில் வந்துச்சா?" என்பாள். இல்லை என்பேன். "எந்தலையெழுத்து. கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்பாள். அதைத் தெருவிலும் சொன்னாள், வேனிலும் சொல்லியிருக்கிறாள். கூட வேலைபார்க்கும் பெண்கள், "ஏ பேச்சி, மத்தாப்பூக்கு மருந்து அளக்கத் தெரியுது, ஒரு பட்டன அமுக்கத் தெரியலயே" என்று கேலி செய்ததை எனக்கே சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன்.

தீபாவளி கழிந்த மறுவாரம் என் சொந்தப் பெயரில் கனகாவுக்கு எழுதினேன். இணைத்தது என் போனில். போனை எடுத்துக்கொண்டு போனவன் நான். உங்கள் அம்மா நான்கு மணி நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பழியை அவர்மேல் போட்டவன் நான். முந்திய கடிதமும் நான் எழுதியதே. ஆறு வரி. அவ்வளவு சின்னக் கடிதம் நான் எழுதியதே இல்லை.

பதில் வந்தபோது பேச்சியம்மாள் சீசன் முடிந்து வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். வாசித்துக்காட்டச் சொன்னாள். இரண்டே வரி. 'அம்மா தொட்டிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்ககிட்ட நீங்க சொல்லியாச்சுன்னா ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு உக்கார வைங்க.'

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண வீட்டில் போனைக் கவிழ்த்து வைத்தது உட்பட.

"தொடலேன்னு எனக்குத் தெரியாதா சார்" என்றாள். "படிச்சவுக சொல்லுதீகளேன்னு சரின்னேன்." பிறகு, "காப்பி குடிக்கீகளா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டனை அவளே அமுக்கினாள். நான் அங்கே இல்லை. தை பிறந்ததும் கனகா வந்து கூட்டிப்போனாள். எதிர்வீட்டில் இப்போது ஒரு காலண்டர் கம்பெனிக்காரர் குடும்பம். வேன் எங்கள் தெருமுனையில் நிற்பதில்லை. சாயங்காலம் யாரும் என் வாசலில் நின்று எதையும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் தேதி இருக்கிறது: அவள் கேட்டுக்கொண்டிருந்த கனகாவின் பதில் வந்தது கார்த்திகை பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை.