மூன்றாம் முறை வந்த வெள்ளைக் கார்

"கர்ர்ரக்…"

சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையிலிருந்து வந்தது சத்தம். இரும்புப் பல்லும் இரும்புப் பல்லும் அரைபடும் சத்தம். என் அண்ணன் யசுவோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கேட்டியா தமாயோ? அதே கார், அதே சத்தம். ஊருக்கே கேக்குது, மாப்ளைக்குத்தான் கேக்காது."

"சும்மா இருண்ணே."

"தப்பா சொல்லிட்டேனா? எங்க ஆலையில கொன்யாகு கிழங்கு அரைக்கிற மெஷின் போடுற கூச்சலுக்குக் காதுள்ளவன் பஞ்சு வெச்சுக்கிறான். மாப்ளைக்கு அந்தச் செலவும் மிச்சம்."

அண்ணன் கெட்டவர் அல்ல. மலைக்காற்றில் வண்டி ஓட்டி, எங்களுக்காகச் சுட்ட மன்ஜூ பலகாரம் வாங்கி வந்தவர். என் கணவர் ஷிகெதோதான் அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்: "இந்தக் கார் இன்னொரு தடவை திரும்பி வந்தா, பட்டறையை மூடிட்டு உங்க ஆலைக்கே வந்துடறேன் மச்சான்." அதன் பதிலை வாங்கிப் போகத்தான் அண்ணன் வந்திருந்தார்.

ஷிகெதோ ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நோயைச் சொல்பவர். அந்த மூடிய கண்களைப் பார்த்துத்தான் நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். இந்த வசந்தத்தில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது காது முழுவதும் போனது. இடது காதில் பாதிதான் மிஞ்சியது. விஷயம் தெரிந்ததும் மலைச்சாலையில் வேகமாகக் கார் ஓட்டும் வாலிபப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மழலையர் பள்ளி ஆசிரியை சிசாதோ மட்டும் வந்தாள். பந்தயக்காரர்கள் போடும் கெட்டி கிளட்ச் ஒன்றை வாங்கி வந்து, "நீங்கதான் மாட்டணும்" என்று கொடுத்தாள். அன்று அவர் ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டார். எத்தனை மாதம் கழித்து!

மாட்டிய பிறகு கியர் விழ மறுத்தது. முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடித்தன. அவள் காரை விட்டுவிட்டு ரயிலில் போவாள்; இவர் ஆயில் குழாயில் காற்றை வெளியேற்றுவார், பெடல் தண்டைத் திருகுவார், கியர்பாக்ஸையே இறக்கி கிளட்ச் தட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். கார் போகும். திரும்பி வரும்.

இன்று அவளே காரில் உட்கார்ந்து கியரைப் போட்டுக் காட்டினாள்; நாங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான். நான் தேநீரோடு பட்டறைக்குள் போனபோது அவள் இறங்கி ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் காருக்குள் யாரும் ஷூவோடு ஏறக்கூடாது, வீட்டுக்குள் ஏறுவதுபோலத்தான். கீழே ஆட்டுக்குட்டி மாதிரி வெள்ளைக் கம்பளி விரிப்பு. ஷிகெதோ அதை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, செய்தித்தாளை விரித்து, எண்ணெய் பூட்ஸோடு ஏறினார். கியரைப் போட்டார்.

"சத்தம் வந்துச்சா?"

"இல்லங்க."

"தமாயோ, என் மேல பரிதாபப்பட்டுப் பொய் சொல்லாத."

"கியர் சுலபமா விழுதுன்னு உங்க கைக்கே தெரியலையா?"

"தெரியுது. ஆனா காது போனதுலேருந்து நான் கையையும் நம்பறதில்ல."

என் கண் நிறைந்துவிட்டது. ஒரு மனிதனிடமிருந்து காது மட்டுமா போகிறது?

சிசாதோ தயங்கியபடி என் கணவரிடம், "நான் இன்னொரு தடவை போட்டுப் பாக்கட்டுமா கொகுரே-சான்?" என்றாள். ஷூவைக் கழற்றினாள், விரிப்பைப் பழையபடி போட்டாள், ஏறினாள். கர்ர்ரக்!

"இப்ப வந்துச்சு!" கத்தியே விட்டேன். "டீச்சர் ஏறினா வருது, நீங்க ஏறினா வரல. பரிதாபத்துல பொய் சொல்றவளா இருந்தா இப்பவும் வரலன்னுதானே சொல்லியிருப்பேன்? எதுக்குங்க நான் பொய் சொல்லப்போறேன்?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு காரை. மெதுவாக மண்டியிட்டு, பெடலுக்கு அடியில் கையை நுழைத்தார்.

"மிதிங்க டீச்சர்… நல்லா… ஆ! விரல், விரல்!"

கையை உதறியபடி சிரித்தார். கம்பளி இரண்டு விரல் கனம். பழைய கிளட்ச் பாதி மிதித்தாலே விட்டுக்கொடுக்கும். இது பெடல் தரைக்கே போனால்தான் விடும். விரிப்பு அதைத் தரைக்குப் போகவிடவில்லை. கார் அழுக்காகக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் அதை எடுத்துவிட்டுத்தான் இவர் சோதித்திருக்கிறார்!

சிசாதோ முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, போன வாரம்தான் என் பசங்ககிட்ட 'பண்ண தப்பை ஒத்துக்கணும்'னு பாடம் எடுத்தேன்."

"விரிப்பை வீட்ல போட்டுக்கங்க டீச்சர். வீட்டுக்குக் கியர் கிடையாது."

கார் முனகாமல் சாலையில் ஏறியது. வாசலில் நின்றிருந்த அண்ணன் விடவில்லை. "இது கம்பளி, தப்பிச்சீங்க மாப்ளே. நாளைக்கு நிஜமாவே ஒரு எஞ்சின் முனகினா?"

ஷிகெதோ கையைத் துடைத்தார். "எனக்குக் கேக்காது மச்சான். இவளுக்குக் கேக்கும். சத்தம் வந்துச்சுன்னு இவ சொன்னா வந்துச்சு, இல்லன்னு சொன்னா இல்ல. நம்பறதுக்கு இத்தனை மாசம் ஆச்சு எனக்கு."

"எனக்குக் கார்ல என்னங்க தெரியும்?" என்றேன்.

"சத்தம் எப்படி இருக்குன்னு சொல்லு. அது என்னன்னு நான் பாத்துக்கறேன்."

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி. ஆலை வேலைக்கு வேற ஆளைப் பாக்கறேன். மன்ஜூ ஆறிடும், சாப்பிடுங்க."

காற்று புழுதியை உள்ளே வாரி இறைத்தது. அண்ணனின் வண்டி திருப்பத்தில் மறையும்வரை நன்றியோடு தலைவணங்கி நின்றுவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினேன்.