செருப்புச் சக்கரம்

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வெல்டர் இருந்தார். கையெல்லாம் தீப்பொறித் தழும்புகள். யாரோடு பேசினாலும் அவர் கண் எதிராளியின் காலில்தான் இருக்கும். பிய்ந்த ஹவாய் செருப்பை யாரையும் எறிய விடாமல் வாங்கிப் போய்விடுவார்.

தன் பழைய காருக்கு அவரே சக்கரம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பனை மரத்தில் செய்தது பிளந்தது. தேங்காய் நார்க் கயிற்றால் சுற்றியது புகைந்தது. மூன்றாவது சக்கரத்தில், செருப்புகளின் அடிப்பாகங்களைக் குதிகால் வெளியே பார்க்கும்படி வட்டமாக அடுக்கி, பசை தடவி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முன்பக்கம் இடதுபுறம் மாட்டி, எடைக்காக என்னை அந்தப் பக்கம் உட்காரவைத்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வழியில் நாலைந்து முறை இறங்கி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். திருவேற்காடு போய்த் திரும்பினோம். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கைதட்டினேன். அவர் அதைக் கழற்றி, கத்தியை விட்டுப் பிளக்கத் தொடங்கினார்.

"ஐயோ, நல்லாத்தானே ஓடிச்சு!"

"ஒடஞ்சது இன்னாத்துக்கு ஒடஞ்சிச்சுன்னு அதுவே சொல்லிடும் சார். ஒடையாதத்ததான் பொளந்து கேக்கணும்."

ஒவ்வொரு செருப்பாகப் பிரித்து, யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார்.

"இது உங்களுது. குதிகால் தேஞ்சிகீது பாருங்க. இந்த எடத்துலதான் சுட்டுது. நீங்க காலை இழுத்துகினு நடக்குறீங்க சார்."

ஆவடியை விட்டு வந்து எத்தனையோ வருடமாகிறது. இன்றும் நான் காலைத் தூக்கி வைத்துத்தான் நடக்கிறேன்.