ஆனைக்கரை போகிற வண்டிக்கு வால்வு

கொழிஞ்சாம்பாறை முக்கில் டயர்க் கடை வைத்திருந்த குப்பண்ணனுக்கு வாயில் நாக்கு இருக்கிறது என்பதே டயரைப் பற்றிக் கேட்டால்தான் தெரியும். மற்றபடி எதற்கும் ஒரு ‘உம்’. சாப்பிட்டாயா என்றால் உம். ஒடம்புக்கு என்ன என்றால் உம். பஞ்சரைப் பற்றியோ டியூபைப் பற்றியோ பேச்செடுத்துவிட்டால், கேட்டவர் பஸ்ஸை விட்டுவிட வேண்டியதுதான். நல்ல பையன், உழைப்பாளி, யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவன் என்று ஊரே சொல்லும். அந்த நல்லதனத்தைத் தூக்கி அடுப்பில் போடலாமா என்று தோன்றுகிற அளவுக்கு நல்லவன்.

அவனுடைய தாய்மாமன் அப்புசாமி, வேலந்தாவளம் போகிற வழியில் தென்னந்தோப்பும் கடலைக்காடுமாக வசதியாக இருந்தவர். அவருடைய ஒரே மகள் மயிலாத்தாள். அவள் பிறந்த அன்றே குப்பண்ணனின் அம்மா முத்தாத்தாள், “என்ற மருமவ வந்துட்டா” என்று சொல்லிவிட்டாள். அத்தை மகனுக்கு மாமன் மகள் முறை. யாரும் மறுத்துப் பேசவில்லை. மயிலா அவனை மாமா, மாமா என்று கூப்பிட்டே வளர்ந்தாள். அவனுக்கும் அவளைத் தவிர வேறு நினைப்பு இருந்ததில்லை. ஆனால் அதை அவளிடம் ஒரு நாள், ஒரு பொழுது சொன்னானா என்றால் இல்லை. முறை இருக்கிறது, காலம் வந்தால் தானாக நடக்கும் என்று பஞ்சர் ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டான்.

எழுபத்து நாலாம் வருசம், குமுளி மலைக்கு மேலே இருக்கிற ஆனைக்கரையிலிருந்து மயிலாவைக் கேட்டு வந்தார்கள். இந்தப் பக்கத்துச் சனந்தான். மலைக்குப் போய் ஏலத்தோட்டம் போட்டு நன்றாக இருந்தவர்கள். மாப்பிள்ளை பேர் சென்னியப்பன். முறைக்காரன் ஒருவன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால் அவன் வாயால் ஒரு வார்த்தை வாங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்புசாமி கடைக்கே வந்தார். ஒரு பழைய லாரி டயர்மேல் உட்கார்ந்தார்.

“மாப்ள, நல்ல எடம், ஏலத்தோட்டம். ஆனா முறைக்காரன் நீ இருக்கறே. உனக்கு மயிலா வேணும்னா இப்பவே சொல்லு. அவிங்கள இன்னைக்கே திருப்பி அனுப்பிச்சர்றேன்.”

இதற்குமேல் ஒரு மனுசன் எப்படித்தான் கேட்பான்? குப்பண்ணன் எழுந்து நின்றான். அவன் மனசுக்குள் வேணும் வேணும் என்று அடித்துக்கொண்டது. ஆனால் பெரியவர்கள் முகத்துக்கு நேராக ‘எனக்கு வேணும்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று முத்தாத்தாள் வளர்த்த வளர்ப்பு. ஏலத்தோட்டம் என்று சொன்னபோது மாமன் முகம் மலர்ந்ததையும் பார்த்துவிட்டான். தன் கையைப் பார்த்தான். கை முழுக்கக் கரி.

“உங்க இஷ்டமுங்க மாமா” என்றான்.

அப்புசாமி டயர்மேலிருந்து எழுந்தார். பிறகு வீட்டுக்குப் போய், “குப்பண்ணனுக்கு அவ்வளவா இஷ்டமில்லையாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டார். மயிலா அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று முத்தாத்தாள்தான் பிற்பாடு சொன்னாள். கல்யாணம் நிச்சயமாயிற்று.

மாப்பிள்ளை அம்பாசடர் கார் வைத்திருந்தான். கல்யாணத்துக்கு வண்டியும் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லி அகலமாகப் பளபளவென்று நாலு சக்கரம் செய்து வாங்கினான். சக்கரம் அழகுதான். ஆனால் காற்றடிக்கிற வால்வு வெளியே நீட்டிக்கொண்டு வருகிற துவாரம் கம்பெனிச் சக்கரத்தில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. எந்த வால்வு வைத்த டியூப் இதற்குச் சேரும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்புசாமி நாலு சக்கரத்தையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் குப்பண்ணன் கடையில் இறக்கினார்.

“ஆருகிட்டயோ குடுத்தா ஏதோ ஒண்ணப் போட்டுத் தள்ளிருவாங்க. நீ பாத்துப் போடு மாப்ள. நம்ம புள்ள போற வண்டி.”

குப்பண்ணன் கடையைச் சாத்திவிட்டுக் கோயமுத்தூர் போனான். உக்கடத்தில் கடை கடையாக ஏறி இறங்கினான். வேறொருவன் என்றால் அந்தச் சக்கரத்தைக் கிணற்றில் உருட்டிவிட்டிருப்பான். இவன் ஒவ்வொரு வால்வையும் துவாரத்தில் நுழைத்துப் பார்ப்பதற்கு ஒரு சக்கரத்தைத் தோளில் சுமந்துகொண்டு திரிந்தான். டியூபுகளோடு ஊர் திரும்பியபோது அவன் முகத்தில் ஒரு நிறைவுகூட இருந்தது. அவள் போகிற வண்டிக்கு அவனால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்திருப்பான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மயிலா கடைக்கு வந்தாள். அத்தை முத்தாத்தாளோடு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவள், அத்தையைத் தையல்காரரிடம் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். குப்பண்ணன் டியூபுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். கரிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“இதென்னுங்க மாமா?” என்று அவளே கேட்டாள்.

டியூபைப் பற்றிக் கேட்டுவிட்டாள் அல்லவா, நாக்கு அவிழ்ந்துகொண்டது. “இது பாரு, ரப்பர் வால்வு, மெல்லீசு. உன்ற வண்டிச் சக்கரத்துல ஓட்டை பெருசு. இதப் போட்டா உள்ளுக்குள்ளயே ஆடும். நாலு தடவ பிரேக் புடிச்சா அடியில பிஞ்சு காத்து எறங்கிரும். இந்த நிக்கல் வால்வு உங்க ஊட்டுக்காரருக்குப் புடிக்கும், மினுமினுன்னு இருக்குது. ஆனா நீளம். மலைல லாரிக்கு ஒதுங்கறப்ப ஓரத்துக் கல்லுல இடிச்சா ஒடிஞ்சு போயிரும். இதா, இதுதான். குட்டையா, அடி தடிப்பா இருக்குது பாத்தியா? ஓட்டைய அடைச்சுட்டு அசையாம நிக்கும்.”

அவள் மெல்லிய வால்வை விரலால் தொட்டாள். “இதப் போட்டா வண்டி எவ்வளவு தூரம் போகுமுங்க?”

“பொள்ளாச்சியே தாண்டாது.”

“அப்ப இதையே போடுங்க மாமா.”

குப்பண்ணன் சிரித்தான். “வெளையாடாத, புள்ள.”

“நெசமாத்தானுங்க சொல்றேன்” என்றாள். அவள் சிரிக்கவில்லை. “பொள்ளாச்சியே தாண்ட வேண்டாமுங்க.”

கல்யாணம் பேசி முடித்த பெண் இன்னொருவனிடம் அதற்குமேல் எந்த வாயால் சொல்லுவாள்? ஊமைக்குக்கூடப் புரிந்திருக்கும். குப்பண்ணனுக்குப் புரியவில்லை. தெரியாத மலைக்குப் போகிறோமே என்று பிள்ளை பயப்படுகிறது என்றுதான் நினைத்தான். அந்தப் பயத்தைப் போக்கிவிட வேண்டும் என்று அவன் நெஞ்சு துடித்தது.

“பயப்படாத. மலை ரோட்டுல எத்தன வளவு வந்தாலும் கொழப்பமில்ல, ஒண்ணும் ஆகாது. நானே நல்லதாப் பாத்துப் போட்டு அனுப்பறேன். எங்கயுமே நிக்காது” என்றான்.

மயிலா அவனையே பார்த்தாள். “நீங்களே அனுப்பறீங்களா” என்றாள். பிறகு ரோட்டைத் தாண்டி அத்தையிடம் போய்விட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. முத்தாத்தாள் ஒரு மூலையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பந்தியில் குப்பண்ணன் இலை போட்டான், தண்ணீர் ஊற்றினான். வண்டி புறப்படுகிற நேரத்தில் நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து, ஒவ்வொரு வால்வு மூடியையும் கையால் திருகிப் பார்த்தான். மயிலா பின்சீட்டில் இருந்து அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போயிற்று. அவன் மனசு அறுந்து விழுந்ததுபோல இருந்தது. ஆனாலும் அவள் வழியில் சங்கடப்படாமல் போய்ச் சேருவாள் என்பதை ஒரு ஆறுதலாகப் பிடித்துக்கொண்டான். அடுத்த வருசம் ஆடி மாசம் வரைக்கும் அந்த ஆறுதலில்தான் சோறு இறங்கியது.

ஆடிக்கு மயிலாவைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சென்னியப்பன் மட்டும் வண்டியோடு டயர்க் கடைக்கு வந்தான். கலகலப்பான ஆள். இறங்கும்போதே, “என்னுங்க மச்சான், சௌக்கியமுங்களா? கொஞ்சம் காத்துப் பாக்கோணுமுங்க” என்றான்.

குப்பண்ணன் திகைத்துப்போனான். பெண்டாட்டியோடு பிறந்தவனைத்தானே மச்சான் என்று கூப்பிடுவார்கள்? அவன் திகைப்பைப் பார்த்துச் சென்னியப்பனே சொன்னான்: “மயிலா அப்பிடித்தானுங்க சொல்லி வெச்சிருக்குது. ‘சக்கரத்துக்கு என்னாச்சின்னாலும் டயர்க் கடைல எங்கண்ணன் இருக்கறாரு, அவருகிட்டக் காட்டுங்க’ன்னு.”

அண்ணன். முறை மாமனை ஒரு பெண் அண்ணன் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அங்கே தட்டுவதற்குக் கதவு ஒன்றும் இல்லை. குப்பண்ணன் காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்துப் பக்கத்தில் குந்தினான்.

“ஆனா உங்க வேலைய மெச்சோணுமுங்க” என்றான் சென்னியப்பன், கடை நிழலில் நின்றுகொண்டு. “கல்யாணத்தன்னைக்கு ஆனக்கர போற வரைக்கும் வண்டி ஒரு எடத்துல நிக்கலையே! உங்க தங்கச்சிக்குத்தான் நம்பிக்க இல்ல. பொள்ளாச்சிக்கு முன்னாலயே ‘வண்டி நின்னுருமுங்களா’ன்னு கேட்டா. உடுமலைல கேட்டா. பழனில கேட்டா. கம்பம் தாண்டியும் கேட்டா. பயப்படாத, எங்கயும் நிக்காதுன்னு நானும் சொல்லிட்டே வந்தேன். குமுளி மலை ஏறி முடிஞ்சப்பறந்தானுங்க கேக்கறத உட்டா. அதுக்கப்பறம் ஒரே அழுகை. மலையப் பாத்துப் பயந்துட்டா போல.”

குப்பண்ணன் கையில் இருந்த குழாய் வால்வை விட்டு நழுவிச் சீறியது. அவன் அதை எடுக்கவில்லை. உம் என்றுகூடச் சொல்லாமல் சக்கரத்தைப் பார்த்துக் குந்தியே இருந்தான். பொள்ளாச்சியே தாண்ட வேண்டாம் என்று அவள் கேட்டது இப்போதுதான் அவனுக்குக் கேட்டது.

“ஏனுங்க மச்சான், வால்வு கெட்டுப் போயிருச்சுங்களா? மாத்தோணுமுங்களா?” என்று சென்னியப்பன் குனிந்து கேட்டான்.

“இல்லீங்க” என்றான் குப்பண்ணன், தலையை நிமிர்த்தாமல். “டயர் தேஞ்சாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நல்லதாப் பாத்துத்தானுங்க போட்டேன்.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாய்விட்டு அழுதுவிட்டான்.