கண் இரண்டையும் விட்டுவிட்டு

என் கணவர் மிகவும் நல்ல மனிதர், வாயைத் திறக்காதவரை. இதை நான் அவர் முகத்துக்கு நேரேயே சொல்லுவேன். அவரும் சிரிப்பார். ஆனால் எழுபதுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேணுக்கு வந்து, ஸ்பிரிங்வேலில் ஒரு சின்னச் செங்கல் வீட்டை வாடகைக்கு எடுத்துக் குளிரில் பல்லைக் கிட்டிக்கொண்டிருந்த அந்த வருஷம், எனக்குச் சிரிப்பு ஒன்றும் வரவில்லை.

வந்த கையோடு மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். ஒன்பது வயது. ஊரில் வகுப்பில் முதலாம் பிள்ளை. வாயோ சொல்லவேண்டாம், அவள் படலையடியில் கதைத்தால் ஒழுங்கை முடியும் இடத்தில் இருப்பவருக்கும் கேட்கும். என் கணவர் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு வந்தார். வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் மட்டும் பூட்டுப்படவில்லை.

ரீச்சர் மிக இளம் பெண். நாங்கள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகளோடு நிலத்தில் சம்மணமிட்டு இருந்தார். ரீச்சர் நிலத்தில் இருப்பதை என் மகள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ரீச்சர் எழும்பி வந்து, குனிந்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நிமிஷமே என் பிள்ளை ரீச்சரிடம் மயங்கிப்போனாள் என்று நினைக்கிறேன். அத்தோடு வந்த வேலை முடிந்தது, கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். மனுசன் விட்டாரா?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும்போது தகப்பன் ஒரு வசனம் சொல்ல வேண்டும். “கண் ரெண்டையும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ வாத்தியார்!” உடனே வாத்தியார் சிரிப்பார், தகப்பனும் சிரிப்பார், பிள்ளையும் வேட்டிக்குப் பின்னால் நின்று சிரிக்கும். இனி இது உங்கள் பிள்ளை, நாங்கள் குறுக்கே வரமாட்டோம் என்பதுதான் அதன் அர்த்தம். அங்கே பிரம்படி விழுந்தது உண்டுதான், ஆனால் எவருடைய தோலும் உரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த வசனத்தை என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார். அதுவும் ரீச்சருக்கு விளங்கவேண்டுமென்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, அபிநயத்தோடு. முதலில் தன் இரண்டு கண்களையும் விரலால் தொட்டுக் காட்டி, இவை வேண்டாம் என்றார். பிறகு கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வாழைக்காய்த் தோல் சீவுவதுபோல் ஒரு இழுவை இழுத்து, மற்றதெல்லாம் உங்கள் விருப்பம் என்றார். சொல்லிவிட்டு, ரீச்சர் சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

ரீச்சர் சிரிக்கவில்லை. தமிழில் மரியாதையாக இருந்த வசனம் ஆங்கிலத்தில் பொலிசுக்குச் சொல்லவேண்டிய விஷயமாகப் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நான் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்கென்ன விசரே?”

“ஏன், மரியாதைக்குத்தானே சொன்னனான்.”

“அந்த ரீச்சர்ப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தனீங்களே? பேயறைஞ்ச மாதிரி நிண்டது.”

“இஞ்சரும், வெள்ளைக்காரர் எண்டால் வெளிறித்தான் இருப்பினம்” என்றார் மனுசன்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குளிராக்கும் என்று நினைத்து நான் அவளுக்கு இன்னொரு சுவெற்றரைப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார், நான் முழுத் தேங்காய்க்குப் பதில் கடையில் பைக்கற்றில் விற்கும் உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தண்ணீரில் ஊறவைத்துச் சம்பல் இடிக்கப் பழகினேன், மகள் பள்ளிக்கூடம் போய் வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று இருந்தோம். வருஷக் கடைசி நெருங்குகிற நேரம் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நான் தனியாகத்தான் போனேன். ரீச்சர் என் முதுகுக்குப் பின்னால் வாசலை இரண்டு தரம் எட்டிப் பார்த்தார், என் கணவர் வரவில்லைத்தானே என்று. பிறகு பஞ்சில் சுற்றியதுபோல் மெதுமெதுவாகச் சொன்னார். உங்கள் மகள் இவ்வளவு மாதமாக வகுப்பில் ஒரு வசனம் பேசவில்லை. கேட்டால் குனிந்துகொண்டு நிற்கிறாள். எழுதச் சொன்னாலும் வெறும் தாளைத் தருகிறாள். அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்றே எனக்குத் தெரியவில்லை. இப்படியே இருந்தால் லீவு முடிந்து வரும்போது மேல் வகுப்புக்கு விட முடியாது. இதே வகுப்பில் ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு மறுபடி இருக்க வேண்டும். “தயவுசெய்து அவளைக் கோபிக்காதீர்கள்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வகுப்பேற்றவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும் என்பதை விடுங்கள். ஊர் எதற்கும் ஏதாவது சொல்லும். என் பிள்ளை ஏற்கெனவே நெட்டைக்கொக்கு. சின்னஞ்சிறுசுகளுக்கு நடுவில் அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற காட்சியை நினைக்க எனக்கு அழுகை வந்தது. முதலாம் பிள்ளையாக இருந்தவள் அல்லவா? அவளுக்கு மனம் விட்டுப் போகும்.

எனக்கு அழுகை வந்தால் அடுத்தாற்போல் கோபம் வரும். வீட்டுக்கு வந்து அகப்பையைக் கையில் எடுத்தேன். ஊரிலிருந்து சீலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த சிரட்டை அகப்பை, நல்ல நீளக் காம்பு. “அடியாத மாடு படியாது” என்று சொல்லிக்கொண்டு குசினி மேசைக்கு முன்னால் மகளை இருத்தினேன். வாய்ப்பாடு கேட்டேன், கடகடவென்று சொன்னாள். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன், வாசித்தாள். கடினச் சொல் கேட்டேன், எழுத்துக்கூட்டினாள். என் கணவர் தன் பங்குக்குப் பேப்பரில் கிரிக்கெட் செய்தியைக் கொடுத்தார். அதையும் வாசித்து, யார் வென்றது என்றும் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் நான் அகப்பைக் காம்பால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். பிள்ளைமேல் ஒரு நாளும் படவில்லை, மேசைதான் பாவம்.

“எல்லாம் தெரியுதே! பிறகேன் ரீச்சருக்குச் சொல்லேல்லை?”

“சும்மா.”

“என்னடி சும்மா?”

“சும்மாதான் அம்மா.”

சும்மா என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அதற்குமேல் ஆண்டவன் வந்து கேட்டாலும் பதில் வராது. நாங்கள் கிழமைக்கணக்கில் இப்படியே தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறக்கவேயில்லை.

ஒரு சனிக்கிழமை நான் உழுந்து வடை சுட்டுக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுப்பட்டது. திறந்தால் ரீச்சர்! பக்கத்தில் ஒரு அலுவலாக வந்தேன், எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன் என்றார். எனக்குத் தெரியாதா? தோல் உரிக்கிற வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார். நல்லகாலம், மனுசன் ஓவர்ரைம் செய்யப் போயிருந்தார். எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது என்பதால் ரீச்சரையும் குசினிக்கே கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தி, சுடச்சுட ஒரு வடையைக் கையில் கொடுத்தேன். ஒரு கடி கடித்தவருக்கு மிளகாய் அகப்பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கோப்பை தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. யன்னலுக்கு வெளியே, பின்வளவில், ஆங்கிலத்தில். மூக்கால் இழுத்து, சொல்லின் வாலை மேலே தூக்கி, அப்படியே ரீச்சருடைய குரல். ரீச்சர் என் முன்னால் வாய்நிறைய வடையோடு இருக்கிறார். அவருடைய குரல் வளவுக்குள் கேட்கிறது. இரண்டு பேரும் எழும்பி யன்னலடிக்குப் போனோம்.

இந்த நாட்டுப் பின்வளவுகளில் நடுவில் ஒரு கம்பம் நட்டு, குடைபோல் சுற்றுகிற துணிக்கொடி இருக்கும். அதில் அன்று காலை நான் காயப்போட்ட உடுப்பெல்லாம் தொங்கின. அவைதான் வகுப்புப் பிள்ளைகள். என் மகள் கையில் என் அகப்பை. அதை வெண்கட்டியாகப் பிடித்து வேலிப் பலகையில் எழுதுகிறாள், திரும்பி இடுப்பில் கை வைக்கிறாள். “கம் ஆன், டார்லிங், ஹாவ் எ கோ!” என்று தெரிந்ததைச் சொல்லிப் பார்க்கச் சொல்லி, அப்பாவின் நீளக்கைச் சேட்டிடம் கணக்குக் கேட்டாள். சேட்டு சரியாகச் சொன்னதாம். “குட் ஆன் யூ!” பிறகு என் பாவாடையிடம் ஒரு நதியின் பெயர் கேட்டாள். பாவாடை பிழை விட்டதாம். பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்துவிட்டுக் கொடியைச் சுற்றினாள். ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கொடி சுற்றி வந்து நின்றது. முன்னால் தொங்கியது மகளுடைய சொந்தப் பள்ளிக்கூடச் சட்டை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதன் கையைப் பிடித்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், எனக்கு ஒவ்வொரு சொல்லும் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், டார்லிங். நீ பிழையாகச் சொன்னால் நான் உன் தோலை உரிக்க வேண்டும். உன் அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அது விருப்பமில்லை. அதனால் நீ பேசாமல் இரு, என்ன?”

ஐயோ கடவுளே! ஊரில் அந்த வசனத்தைக் கேட்டு வாத்தியார் சிரித்தார், அதனால் அது பகிடி. இங்கே ரீச்சர் சிரிக்கவில்லை, அதனால் அது உண்மை. பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். தன் தோலுக்குப் பயந்ததைவிட, இந்த நல்ல ரீச்சரை அப்படியொரு வேலை செய்ய வைக்கக்கூடாது என்றுதான் வாயை மூடியிருந்தாள்.

ரீச்சர் கையிலிருந்த வடையை மேசையில் வைத்தார். கண்ணெல்லாம் தண்ணீர். மிளகாய்தான் என்றார். நான் அடுப்பை நிறுத்திவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எங்கள் ஊர் வழக்கத்தை அடியிலிருந்து நுனிவரை சொன்னேன். “அப்படியென்றால் யாரும் யாரையும் உரிப்பதில்லையா?” என்று கேட்டார். “வெங்காயத்தைத் தவிர ஒன்றையும் இல்லை” என்றேன். அவர் சிரித்தபடியே தன் கதையைச் சொன்னார். இவள் ஏதாவது பிழையாகச் சொல்லி அது வீட்டுக்குத் தெரிந்தால் அடி விழுமோ என்று பயந்து, அவரும் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டாராம். இவள் ரீச்சரைக் காப்பாற்ற, ரீச்சர் இவளைக் காப்பாற்ற, படிப்பு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

“சொன்னவரே வந்து திருப்பி எடுக்க வேண்டும்” என்றார் ரீச்சர்.

பின்னேரம் மனுசன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொன்னவை!” என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. இப்போது அவர்தான் வெள்ளைக்காரர். பிறகு போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்து, வெகுநேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் பார்க்காததுபோல், மிச்ச மாவில் சுட்ட வடையை எண்ணெயில் திருப்பினேன்.

அந்த வகுப்பில் கிழமைக்கொருநாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து காட்டி, அதைப்பற்றிப் பேசவேண்டும். அடுத்த முறை ஒருவன் சப்பாத்துப் பெட்டிக்குள் நீல நாக்குப் பல்லி கொண்டுவந்தான். ஒருத்தி தன் விழுந்த பல்லைக் கொண்டுவந்தாள். எங்கள் மகள் அப்பாவைக் கொண்டுபோனாள். நானும் பின்னால் போய்ச் சுவரோடு நின்றேன். அதே கோட்டு, அதே பூட்டுப்படாத பொத்தான். பல்லிக்கும் பல்லுக்கும் பிறகு அவருடைய முறை வந்தது.

மதிப்புக்குரிய ரீச்சர் அவர்களே என்று மேடைப் பேச்சுப்போல்தான் தொடங்கினார், சனியன் பழக்கம். ஆனால் பிறகு குரல் தளர்ந்தது. நான் அன்றைக்குச் சொன்னது எங்கள் ஊர்ப் பகிடி, இங்கே பொருந்தாது, அதைத் திருப்பி எடுக்கிறேன் என்றார். கோட்டுக் கையை மேலே இழுத்து, சீவிய தோலை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குத் திரும்ப ஒட்டிக் காட்டினார். என் மகள் பிழை விடலாம், எவ்வளவும் விடலாம், ஒருவரும் தொடமாட்டார்கள் என்றார்.

யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று ரீச்சர் கேட்டார்.

ஒரு கை எழும்பியது. மெலிந்த கறுத்தக் கை, சுவெற்றருக்குள்ளிருந்து. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் பிள்ளை அந்த வகுப்பில் முதன்முதலாக வாய் திறந்து, கணீரென்று ஆங்கிலத்தில் கேட்டாள்:

“அம்மாவுமா?”

அவ்வளவு தலையும் என்பக்கம் திரும்பியது, என் மனுசனுடைய தலையும்தான். எனக்கு ஆங்கிலம் மறந்துபோயிற்று. “ஓம், ஓம் குஞ்சு, அம்மாவும்தான்” என்றேன்.

“யெஸ் என்று சொல்கிறா” என்று அவள் வகுப்புக்கு மொழிபெயர்த்தாள். பிறகு, “ஆனால் வீட்டில் ஒரு கரண்டி இருக்கிறது” என்று தொடங்கினாள். சிரட்டை எப்படி, காம்பு எவ்வளவு நீளம், மேசையில் எத்தனை தழும்பு, அம்மா என்ன பழமொழி சொல்லுவா, எல்லாம் வந்தது. இவ்வளவு மாதம் அடைத்துவைத்த வாய் அல்லவா? மணியடித்த பிறகும் ரீச்சர் அவளை நிறுத்தவில்லை. நான் எந்தச் சுவருக்குள் புகுவது என்று தெரியாமல் நின்றேன். வெட்கம் ஒருபக்கம், சந்தோஷம் ஒருபக்கம், அழுகை வேறு.

வாசலில் ரீச்சர் என் கையைப் பிடித்து, அவள் தன் வயதுப் பிள்ளைகளோடேயே மேலே போவாள் என்றார்.

அடுத்த கிழமை வகுப்பில் காட்டுவதற்கு மகள் அகப்பையைக் கேட்டாள். கொடுத்தேன். பின்னேரம் வெறுங்கையோடு வந்தாள்.

“எங்கையடி அகப்பை?”

“வகுப்பிலை மறந்து போட்டன் அம்மா” என்றாள்.

என் மகள் எதையும் மறக்கிறவள் இல்லை. நான் அதைத் திருப்பிக் கேட்கவுமில்லை. அன்று இரவு சோற்றைக் கையாலேயே அள்ளிப் போட்டேன்.