இடது கெண்டைக்கால்

மருதாத்தாளிடம் எதையும் மூடி மறைத்துப் பேச முடியாது. கடலைக் காட்டில் ஆட்களோடு ஆளாக நின்று களை வெட்டுவாள். வரப்புத் தகராறு என்றால் பஞ்சாயத்து ஆபீசுக்கே போய் மலையாளத்திலேயே சண்டை போட்டுவிட்டு வருவாள். புருஷன் ஆறுச்சாமி அதற்கு நேர்மாறு. கன்றுக்குட்டிக்கு மூக்குக் குத்தும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். கேரள எல்லைக்குள் இருக்கிற பெருமாட்டியில் இவர்கள் குடும்பம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

எழுபத்துநாலாம் வருஷம் ஆவணியில் அவளுக்கு இடது கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது. வலி கிடையாது. தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி சதை தானாகத் துள்ளும். எருமையடியில் பால் கறக்கக் குந்தினால் துள்ளும். எழுந்து நடந்தால் அடங்கிவிடும்.

தாய்மாமன் குப்பண்ணன் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தும்முவதுகூட இல்லை. விஷயம் காதில் விழுந்ததும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளைக்கு இடது பக்கந் துடிச்சா நல்லதாக்கும் அம்மிணி. ஊடு தேடி நல்ல சேதி வரும் பாரு."

"இதையேதானுங்க மாமா எங்கண்ணனுக்கும் சொன்னீங்க" என்றாள் மருதாத்தாள். குப்பண்ணன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அண்ணன் சென்னிமலைக்குத் துடித்தது வலது புஜம். ஆம்பிளைக்கு வலது துடித்தால் யோகம் என்று வீடே குதூகலப்பட்டது. ஆளாளுக்குக் கேரளா லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். யோகம் வருவதற்குள் கை சூம்பியது. மண்வெட்டி நழுவியது, பிறகு சோற்றுக் கவளம் நழுவியது, கடைசியில் கஞ்சியும் தொண்டையில் இறங்காமல் போனது. அவரைப் பார்த்த டாக்டர், "வீட்டு ஆம்பிளைங்க யாராவது இருந்தா உள்ளே வரச் சொல்லுங்க" என்றார். குப்பண்ணன் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். இது நரம்பு வியாதி, மருந்தில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, நோயாளியைத் தவிர. நல்லாயிரும், நல்லாயிரும் என்று சொல்லிச் சொல்லியே அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது அதே துடிப்பு இவள் காலில். மருதாத்தாள் பயந்தாள், பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஒரு சணல் கயிற்றைக் கெண்டைக்காலில் சுற்றி அளவுக்கு முடிச்சுப் போட்டு வைத்தாள். தினமும் விடிந்ததும் முதல் வேலை, சதை கரைந்திருக்கிறதா என்று கயிற்றைச் சுற்றிப் பார்ப்பது. அமுக்கியும் கிள்ளியும் பார்த்துக் கால் கன்றிப்போயிற்று. தூக்கம் போனது, தூக்கத்துக்குப் பதில் காப்பி வந்தது. இவள் கவனிக்கக் கவனிக்க அது இன்னும் அதிகமாகத் துள்ளியது.

ஒரு காலையில் கயிற்றை வீசி எறிந்தாள். "நாளைக்குக் கோயமுத்தூர் போறனுங்க. பெரிய டாக்டரைப் பார்த்துக் கேட்டுப்போட்டு வந்தர்றேன்."

"நானும் வாரேன்" என்றார் ஆறுச்சாமி.

"வேண்டாமுங்க. நீங்க வந்தா டாக்டர் உங்ககிட்டத்தான் சொல்லுவாரு. நீங்க என்ற மொகத்தைப் பார்த்து நல்லாயிரும்பீங்க. எனக்கு அது ஆகாது."

ஆறுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மறுக்கவில்லை. மறுநாள் மீனாட்சிபுரம் வரைக்கும் வண்டி கட்டிக்கொண்டுபோய்ப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கோயமுத்தூர் டாக்டர் அவசரமில்லாமல் பார்த்தார். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். குதிகாலால் நட, நுனிக்காலால் நட என்றார். தன் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடி" என்றார். இரண்டு வேளையும் எருமை கறக்கிற கை. "போதும், போதும்மா" என்று விரலை உருவிக்கொண்டார். தூக்கம், காப்பி, அண்ணன் கதை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"சரி, நீ வெளியே இரு. கூட வந்த ஆம்பிளைங்க யாராவது இருந்தா வரச் சொல்லு."

அதே வார்த்தை. முடிந்தது என்று நினைத்தாள் மருதாத்தாள். எழுந்திருக்கச் சொல்லிக் கால் உந்தியது. அவள் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆரும் வரலீங்க. வந்திருந்தாலும் அனுப்பமாட்டனுங்க. சாகப்போறவ நானு. சேதி எனக்குத்தானே வரோணும்? கடலை பிடுங்கறதுக்குள்ளயா, அடுத்த நடவுக்குள்ளயா, சொல்லிப்போடுங்க. நான் செய்ய வேண்டிய காரியம் கெடக்குது."

டாக்டர் திகைத்துப்போனார். "யாரும்மா சாகப்போறது? நீ ராத்திரி தூங்கறதில்லை, ஓயாமக் காப்பி குடிக்கிறேன்னு வீட்ல சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

"அதையும் என்றகிட்டயே சொல்லுங்க."

அவர் சொன்னார், இந்தத் தடவை அவளைப் பார்த்தே. "சதை கரையலை, பலம் குறையலை. வெறும் துடிப்பு எல்லாருக்கும் வர்றதுதான். அசதிக்கும் வரும், கவலைக்கும் வரும். அண்ணனுக்கு வந்ததாலேயே உனக்கும் வரணும்னு இல்லை. ஆனா ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டு. நடுவுல காலு தடுக்குனாலோ கைப்பிடி நழுவுனாலோ உடனே வா."

"ஆறு மாசத்துல மாறிப்போச்சுன்னா?"

"மாறிப்போச்சுன்னு உன்கிட்டயே சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். சென்னிமலையின் மனைவி நாச்சம்மாள், இவளுக்கு நங்கை முறை, பக்கத்து வீட்டிலிருந்து வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாத்தாள் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், ஆறு மாசத்தையும் சேர்த்தே, ஒப்பித்தாள். ஆறுச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"நல்ல துடிப்புன்னு நான் அப்பவே சொல்லலியா?" என்றார் குப்பண்ணன்.

"நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லீங்க மாமா. சதை துடிச்சுது. நாளைக்கு எனக்கு என்ன வந்தாலும் மொதல்ல எனக்குச் சொல்லோணும். எல்லாரும் கேட்டுக்குங்க."

நாச்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்கண்ணன் ஒருநா என்னையக் கேட்டாங்க அம்மிணி. டாக்டர் என்ன சொன்னாருன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க, நங்கை?"

"நல்லாயிரும்னு சொன்னாருங்கன்னேன். என்ற மொகத்தையே சித்த நேரம் பார்த்தாங்க. செரின்னு சொல்லிப்போட்டுச் சொவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அப்பறம் கேக்கவே இல்லை."