சைவம் பழகாத மீன்

வெள்ளிக்கிழமை என்றால் வெங்காயத்துக்கே விடுமுறை கொடுக்கும் மயிலாப்பூர் வீடு எங்களுடையது. அந்த வீட்டுக் கூடத்தில், தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒரு கடல் மீன் தொட்டி வைத்தேன்.

அப்பாவுக்காகத்தான். முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப் பக்கமும் பேச்சும் போய், நாள் முழுக்க சாய்வு நாற்காலியில் கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்குப் பதில் மீனையாவது பார்க்கட்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூர் போய், பிளாஸ்டிக் குடங்களில் கடல் தண்ணீர் மொண்டு ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருவேன். தொட்டிக்குப் பாதி, என் பேண்ட்டுக்குப் பாதி.

தி. நகரில் ஒரு சந்துக்குள் இருந்த மீன் கடைக்காரர், ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ஐந்து மீன்களாகப் பொறுக்கிக் கொடுத்தார். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டவை இரண்டு, நீலம் மூன்று. எல்லாம் கட்டைவிரல் நீளம்.

ஒரே வாரத்தில் அப்பா உத்தியோகத்துக்குத் திரும்பிவிட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, இடக் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார். ஐந்து பேரும் ஆஜர். பேச்சு போன பிறகு அவராக எனக்குச் சொன்ன முதல் சேதி அது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆபீஸ் நண்பன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். மறுநாளே கடையில் நின்றேன். அங்கே ஒரு லயன் மீன், செட்டைகளை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு, கச்சேரி மேடையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பவரைப் போல மிதந்தது.

"அது வாணாம் சார்," என்றார் கடைக்காரர். "வாயி எம்மாம் பெருசு கீது பாரு. அதுல பூர்ற சைஸ்ல இன்னா இருந்தாலும் முழுங்கிடும். உசுரோட எறா போடணும். உருண்டைத் தீனியெல்லாம் தொடாது."

"எங்காத்துக்கு வந்தா அதுவும் சைவமாயிடும்பா," என்றேன்.

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். யாராவது சிரித்துவிட்டால் அப்புறம் எனக்குக் காது கேட்காது.

அன்று மாலை அப்பா ஐந்து விரல்தான் காட்டினார். புதியவனைப் பதிவேட்டில் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் நான்கு விரல் காட்டினார்.

"கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிண்டிருக்கும்பா. கிளாஸைக் கட் அடிச்சிருக்கு."

தலையை ஆட்டி மறுத்தார். நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் இரண்டு.

"வாத்தியார் நீங்கன்னா பசங்க ஓடத்தானே செய்வா?"

நாற்காலிக் கையைத் தட்டினார். மறுபடி அதே இரண்டு விரலைக் காட்டினார். நானும் தொட்டியைப் பார்த்தேன். ஆனால் அந்த விசிறியைத்தான் பார்த்தேன். போட்ட உருண்டைகள் அடியில் அப்படியே ஊறிக் கிடந்தது கூட உறைக்கவில்லை.

அதற்கு மறுநாள் மனைவி வாசலிலேயே நின்றாள். "மத்தியானத்துலேர்ந்து அப்பா தொட்டியக் காட்டிக் காட்டிக் கத்தினார். எனக்கு ஒண்ணும் புரியலை. இப்போ கண்ணுல ஜலம் வழியறது. போய்ப் பாருங்கோ."

தொட்டியில் லயன் மீன் மட்டும் இருந்தது, வயிறு உப்பி. அப்பாவின் இடக் கை மடியில் மூடிக் கிடந்தது. ஒவ்வொன்றும் போவதைப் பார்த்திருக்கிறார். தனக்கு மிஞ்சியிருந்த ஒரே கையால் சாயங்காலந்தோறும் புகார் கொடுத்திருக்கிறார். நான் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

மீனைத் திருப்பிக் கொண்டுபோனேன்.

"இன்னா சார், சைவமாயிட்ச்சா?" என்றார் கடைக்காரர்.

மீன் இருந்த குடத்தை அவர் முன்னால் இறக்கி வைத்தேன். முன்பு கொடுத்தது போலவே இரண்டு ஆரஞ்சு, மூன்று நீலம் கேட்டு வாங்கி வந்தேன்.

அன்று மாலை அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "எத்தனைப்பா?" என்றேன். தொட்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை எழவில்லை.

அப்புறம் அவர் இருந்த வரைக்கும் நானே எண்ணினேன். செருப்பைக் கழற்றியதும் தொட்டிக்கு முன்னால் நின்று, கல்லுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்து, அவர் பக்கம் திரும்பி ஐந்து விரலையும் விரிப்பேன். "அஞ்சும் இருக்குப்பா."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.